இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்!

என் காரில் எனக்கு வழி சொல்ல இரண்டு பேர். ஒருத்தி நான் தாலி கட்டியவள். இன்னொருத்தி முன்கண்ணாடியில் ரப்பர் வட்டத்தால் ஒட்டிக்கொண்டிருப்பவள். முதலாமவள் சொன்ன திருப்பத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு ராத்திரி ரசம் மட்டும்தான். இரண்டாமவள் கோபமே படமாட்டாள். எத்தனை தடவை தப்பாகத் திரும்பினாலும், 'வேறு வழி கணக்கிடப்படுகிறது' என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். (இங்கிலீஷில்தான் சொல்வாள். உங்களுக்காகத் தமிழ்ப்படுத்துகிறேன்.)

இந்தப் பொறுமைக்காகவே அவளை வாங்கினேன் என்று ஆபீஸில் ஒருநாள் உளறிவிட்டேன். அது எப்படியோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு நாள் அந்த ரசமும் இல்லை.

பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிய புதிது. அதற்கு ஒரு வழிகாட்டும் கருவி வாங்குகிறேன் என்றதும் ஆபீஸே சிரித்தது. "போன்லயே இருக்கே ஸார், தனியா எதுக்கு?" என்றார் கேஷியர். எனக்கா பதில் தெரியாது? போனில் வழி பார்த்துக்கொண்டு ஓட்டும்போதுதான் மானேஜர் கூப்பிடுவார். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் அரைமணி வைத்தால் போன் சூடாகி மயக்கம் போட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, நமக்கோ கள்ளக்குறிச்சி. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மலைமேல் பல இடங்களில் என் போனுக்கு டவர் கிடைக்காது. டவர் இல்லாத இடத்தில் போன் மேப் வெறும் கட்டம் போட்ட காகிதம். தனிக் கருவி அப்படியில்லை. வரைபடம் மொத்தமும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். டவரும் வேண்டாம், நெட் பேக்கும் வேண்டாம்.

இவ்வளவு தெளிவாக யோசித்துவிட்டு, கடைசியில் சென்னையில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பாதி விலை. கடைக்காரர் நல்ல மனுஷர். உண்மையை ஒளிக்காமல் சொன்னார்: "மேப் 2014-ஓடது ஸார். மறக்காம அப்டேட் போட்டுக்குங்க. அதுக்குத் தனியாப் பணம் கட்டணும்."

"ரோடு என்ன, எழுந்து ஓடியா போயிடும்?" என்று ஜோக்கடித்துவிட்டு வந்தேன்.

முதல்நாளே ஒரு துப்பு கிடைத்தது. அவளைப் பொறுத்தவரை கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாம் தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'பாவம், நியூஸ் படிக்கிறதில்லை போலிருக்கு' என்று விட்டுவிட்டேன்.

அமைப்புகளில் ஒரு கேள்வி கேட்டாள். உங்களுக்கு வேகமான வழி வேண்டுமா, தூரம் குறைந்த வழி வேண்டுமா? பெட்ரோல் விற்கிற விலையில் இதென்ன கேள்வி! 'தூரம் குறைந்தது' என்பதை அமுக்கினேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு அமுக்கல்தான்.

எங்கள் ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்ட் ஒரு தம்பி. மலைக்காரப் பையன். வெள்ளிமலைக்கு அப்பால் ஊர். அவன் குடும்பத்திலேயே முதல் டிகிரி. போன வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில், அதாவது மலைமேல் அவன் ஊரில்தான் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

தாலி செய்யக் கொடுத்திருந்தது கள்ளக்குறிச்சியில். 'இன்று போய் நாளை வா' என்று இழுத்தடித்த ஆசாரி, கல்யாணத்தன்று விடிகாலை ஆறுமணிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை முதல்நாளே ஊருக்குப் போயாக வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நான் எதுக்குடா இருக்கேன்? காரு இருக்கு. வர்றப்ப கையோட எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன், சினிமா அண்ணன் மாதிரி.

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வழி எழுதினான். கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை, அப்புறம் ஒரு புளியமரம், அதன்கீழ் முனீஸ்வரன், அங்கே இடது கை... "அண்ணா, மேலே போன் எடுக்காது. இதை வெச்சுக்கங்க."

"எதுக்குப்பா? நம்மகிட்ட மிஷின் இருக்கு. நீ லொக்கேஷன் மட்டும் அனுப்பு."

அனுப்பினான். அவன் வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகை. பதினொன்றே சொச்சம் வடக்கு, எழுபத்தெட்டே சொச்சம் கிழக்கு, புள்ளிக்கு அப்புறம் ஆறு ஸ்தானம் வரை. அப்படியே மிஷினில் ஏற்றினேன். பேர் போட்டுத் தேடினால்தான் வம்பு. கச்சிராயபாளையத்தையே ஒரு மேப்பில் கச்சிராபாளையம் என்றும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பையன் மனசு கோணக்கூடாதே என்று அந்தத் தாளையும் வாங்கி வைத்தேன். சட்டைப்பையில். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனது வேறு சட்டை.

ஆசாரி ஆறு என்றது ஆறரை ஆயிற்று. ஆறேமுக்காலுக்கு நான், மனைவி, பையன், மஞ்சள் துணியில் முடிந்த தாலி, நாலு பேரும் கிளம்பினோம். திரையில் 'வந்து சேரும் நேரம் 8.35' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. "பார்த்தியா?" என்றேன் மனைவியிடம். கச்சிராயபாளையத்தில் இட்லி சாப்பிடக்கூட நிறுத்தினேன். அவ்வளவு நம்பிக்கை.

கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. கொண்டையூசி வளைவுகள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் இது இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரக்காரன். ஏற்காடு மாதிரி பேர் வாங்காதவன். வளைவுகளில் திரையிலிருந்த அம்புக்குறி ரோட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கில் நீந்தியது. அடுத்த வளைவில் மறுபடி ரோடேறியது. "அப்பா, நம்ம கார் பறக்குதுப்பா!" என்று பையன் கைதட்டினான்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வாய் திறந்தாள்.

"இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்."

இடப்புறம் ஒரு மண் ரோடு.

"என்னங்க, பஸ் நேராப் போகுதே?" என்றாள் மனைவி.

"பஸ்ஸுன்னா ஊரெல்லாம் சுத்தும். இது குறுக்கு வழி."

"எதுக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

ஆண்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லக்கூடாத வாக்கியம் இது ஒன்றுதான். திரும்பினேன்.

முதலில் இருபக்கமும் மரவள்ளிக் காடு. மண் ரோடு நன்றாகவே இருந்தது. அப்புறம் சாமைக் கொல்லை, ரோடு பாதியாயிற்று. அப்புறம் கல். அப்புறம் கல் மட்டும். மாருதியின் அடிவயிறு ஒவ்வொரு கல்லாக விசாரித்துக்கொண்டு வந்தது. திருப்ப இடமில்லை. அவளோ அசரவில்லை. "தொடர்ந்து நேராகச் செல்லவும்." வந்து சேரும் நேரம் மட்டும் 8.35-லிருந்து 8.50 ஆகி, 9.15 ஆகி, 9.40 ஆகி, நம் ஊர் ரயில் மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது.

ஓரிடத்தில் ரோடு முடிந்தது. முடிந்தது என்றால், எதிரே ஒரு ஓடை. இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் ஏற்றம். நடுவே பாறைகளும் தண்ணீரும்.

"தொடர்ந்து நேராகச் செல்லவும்" என்றாள். மீதித் தூரம் ஒண்ணரைக் கிலோமீட்டர்.

எஞ்சினை அணைத்தேன். அப்போதுதான் கேட்டது. எதிர்ச்சரிவில், மரங்களுக்கு மேலே, மேளம்! சந்தேகமே இல்லை. கல்யாண மேளம். மணி ஒன்பது ஐம்பது.

பத்து வயசுப் பையன் ஒருத்தன் ஆடுகளோடு வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். இந்த இடத்தில் காரை அவன் பார்த்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

"கல்யாணத்துக்கா?"

"ஆமாந் தம்பி. வண்டி போக வழி இருக்கா?"

"வண்டியா? திரும்பிப் போயி வெள்ளிமலை ரோட்டப் புடிச்சு சுத்திக்கினு வரணும். தார் ரோடு அங்கருந்துதான். நடந்தா இப்பிடியே போலாம்." பிறகு, தெரிந்த ஒரு செய்தியைச் சொல்லும் அக்கறையோடு சொன்னான்: "ஆனா இப்பப் போயி ஒண்ணும் இல்ல. தாலி இன்னும் வரலியாம். கீழ இருந்து யாரோ ஒருத்தரு எடுத்துக்கினு வராராம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பட்டுவேட்டியை மடித்துக் கட்டினேன். செருப்பைக் கையில் எடுத்தேன். தாலி முடிச்சை இடுப்பில் செருகினேன். மனைவியையும் மகனையும் காரில் விட்டுவிட்டு, ஆட்டுக்காரப் பையன் முன்னால் தாவ, நான் பின்னால் உருள, ஓடையில் இறங்கினேன். அவன் ஆடு மாதிரி போனான். நான் அரிசி மூட்டை மாதிரி போனேன். ஏற்றத்தில் பாதிவழியில் மேளச்சத்தம் திடீரென்று உச்சத்துக்குப் போயிற்று. எல்லாருக்கும் தெரியுமே, அது எதற்கான மேளம் என்று. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க" என்றான் பையன்.

பந்தலுக்குள் நான் நுழைந்தபோது பத்து நாற்பது. தாலி கட்டி முடிந்திருந்தது. மஞ்சள் தடவிய கயிற்றில் ஒரு விரலி மஞ்சளை முடிந்து, நேரம் தப்பாமல் கட்டிவிட்டிருந்தார்கள். பெண்ணின் கழுத்தில் அது ஈரமாக இருந்தது. நான் முட்டி வரை சேறோடு, கையில் செருப்போடு நின்றேன். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒருத்தர்கூடத் திட்டவில்லை. மாப்பிள்ளையின் பாட்டி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, "மொதல்ல குடி சாமி. மூச்சு வாங்குது பாரு" என்றாள். மாப்பிள்ளை, "வந்துட்டீங்கல்லண்ணா, அது போதும்" என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தானோ என்னவோ. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய நாலு மாதச் சம்பள மிச்சம் என் இடுப்பு முடிச்சில் இருந்தது.

பொன்தாலியைப் பிறகு பாட்டிதான் அந்தக் கயிற்றிலேயே கோத்தாள். விரலி மஞ்சளை அவிழ்க்கவில்லை. "இதுவும் இருக்கட்டும். மொதல்ல வந்தது இதுதான" என்றாள்.

என் மனைவியையும் மகனையும் ஒரு பிக்கப் வண்டிக்காரர் சுற்றுவழியில் போய் அழைத்து வந்தார். பகல் பன்னிரண்டரை மணி. அதற்கப்புறம் வீட்டில் ஒரு வாரம் நடந்தது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது.

ஊர் திரும்பிய பிறகு கோபத்தில் அந்த மிஷினைத் தூக்கிப் போடப் போனேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அது எங்கே பொய் சொன்னது? நான் நின்ற இடத்தைச் சரியாகக் காட்டியது. மாப்பிள்ளை வீட்டு வாசலையும் சரியாகக் காட்டியது. ஒண்ணரைக் கிலோமீட்டர் என்றது; நேர்க்கோட்டில் அவ்வளவுதான். இரண்டு முனையும் சரி. நடுவில் மட்டும் மாபெரும் தப்பு. எப்படி? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தெரிந்தது, நான் வாங்கியது ஒரு பொருளே இல்லை. இரண்டு பொருள், ஒரே டப்பாவில்.

முதலாவது, வானத்தைக் கேட்கும் காது. நம்மில் பலபேர் நினைக்கிறோம், கருவி செயற்கைக்கோளோடு பேசுகிறது, செயற்கைக்கோள் மேலிருந்து நம் காரைப் பார்க்கிறது என்று. கிடையவே கிடையாது. நீங்களும் உங்கள் காரும் இருப்பதே அதற்குத் தெரியாது. பூமிக்கு 20,200 கிலோமீட்டர் மேலே, ஒரு நாளைக்கு இரண்டு தடவை உலகைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் ஓயாமல் சொல்வது ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: 'நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இவ்வளவு.' கோயில் மணி மாதிரி. கேட்பவன் கேட்டுக்கொள்ளலாம். ஒளி வேகத்தில் அது நம்மிடம் வந்துசேர ஒரு செகண்டில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதமாகக் கேட்டது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று கருவி கணக்குப் போடுகிறது. மூன்று செயற்கைக்கோள் இருந்தால் இடம் தெரிந்துவிடும். நாலாவது எதற்கு என்றால், நம் டப்பாவிலிருக்கும் மலிவு கடிகாரத்தின் தப்பைத் திருத்த. மணியில் ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடத்தில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் மேலே அணுக் கடிகாரம். அந்த உயரத்திலும் வேகத்திலும் அதுவே தினம் 38 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடும், ஐன்ஸ்டீன் சொன்ன காரணங்களால். அதையும் கழித்து வைத்திருக்கிறார்கள். கழிக்காவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்.

முகூர்த்த நேரத்தைக் கோட்டைவிட்ட எனக்கு, வெறும் மணி சொல்லியே பிழைக்கும் இந்த யந்திரங்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இதுவொன்றும் நமக்காக விடப்பட்டதல்ல. அமெரிக்க ராணுவ சமாச்சாரம். முதல் செயற்கைக்கோள் 1978-ல் போனது. 1983 செப்டம்பர் 1-ம் தேதி கொரிய விமானம் ஒன்று பாதை தவறி சோவியத் வானத்துக்குள் போய், சுடப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான், இந்த வசதி தயாரானதும் எல்லாருக்கும் இலவசம் என்று ரீகன் அரசு அறிவித்தது. 1995-ல் முழுதாகத் தயாரானது. அப்போதும் பொதுஜனத்துக்குக் கிடைத்தது வேண்டுமென்றே கலங்கலாக்கிய சிக்னல். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம்தான் அந்தக் கலக்கலை நிறுத்தினார்கள். கார்களில் இந்தக் கருவி பெருகியது அதற்குப் பிறகு.

நம் ஊர் சரக்கும் உண்டு. இஸ்ரோவின் நாவிக். 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோள் போனது. மொத்தம் ஏழு என்பது திட்டம். நம் தலைக்கு மேலேயே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதும் எட்டுப் போடுவதுமாக இருப்பவை. பாவம், அதற்கும் கல்யாணத் தடங்கல் மாதிரி ஏகப்பட்ட தடங்கல். வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் சில நின்றுபோயின. 2017 ஆகஸ்டில் மாற்றாக அனுப்பியது, ராக்கெட்டின் மூடி கழலாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. 2023 மே மாதம் போன என்.வி.எஸ்.-01-ல் நம்மவர்களே செய்த அணுக் கடிகாரம் இருக்கிறது. சாதாரண போன்கள் கேட்கும் எல்-1 அலைவரிசையிலும் அது பேசுகிறது.

ஆக, காது சரியாகத்தான் இருந்தது. மலை வளைவில் அம்பு நீந்தியதற்குக்கூடக் காரணம் உண்டு. வானத்தில் பாதியை மலை மறைக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் சுற்றி வந்து தாமதமாகக் கேட்கிறது. தூரக் கணக்கு பிசகுகிறது.

டப்பாவிலிருந்த இரண்டாவது பொருள்தான் என் கழுத்தை அறுத்தது. வரைபடம். இது வானத்திலிருந்து வருவதில்லை. யாரோ ஒரு மனுஷன் நடந்தோ, வண்டியில் போயோ, படத்தைப் பார்த்தோ போட்டது. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த வேலை, இமயமலை வரை போயிற்று. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை, போட்டவன் போகாத இடம் மேப்பில் வராது. போட்ட பிறகு வந்த ரோடும் தானாக வராது. செயற்கைக்கோளுக்கு ரோடு என்றால் என்னவென்றே தெரியாது. என் மிஷினின் வயிற்றிலிருந்தது 2014. அந்த ஊருக்குத் தார் ரோடு வந்தது அதற்கப்புறம். அதில் இருந்தது ஒரே ஒரு கோடு: அந்த ஓடை வழி. போதாக்குறைக்கு 'தூரம் குறைந்தது' என்று நானே கட்டளை வேறு போட்டிருந்தேன். 'மண் ரோட்டைத் தவிர்' என்று ஒரு பொத்தான் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

இப்போது ஆபீஸில் யார் கார் வாங்கினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். விழுந்தவனுக்குத்தானே பள்ளம் தெரியும்! பெரும்பாலோருக்குப் போனே போதும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி, போகிற பகுதியின் மேப்பைப் போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். டவர் இல்லாவிட்டாலும் போனின் காது கேட்கும்; கையில் மேப் இருந்தால் போதும். என்ன, இடம் பிடிக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். டவர் இருந்தால் செயற்கைக்கோள் விவரத்தைப் போன் நெட்டில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்து நேராகக் கேட்க வேண்டும். அது வருவதோ செகண்டுக்கு 50 பிட் வேகத்தில்; தந்தி ஆபீஸ் காலத்து வேகம். அரை நிமிஷமாவது ஆகும். முழு ஜாதகத்தையும் வாங்குவதென்றால் பன்னிரண்டரை நிமிஷம். அதற்குள் 'கெட்டுப்போச்சு' என்று போனைத் தட்டாதீர்கள். பைக்கில் போகும்போது வைத்த டூவீலர் வழியைக் காருக்கு மாற்றினீர்களா என்றும் பாருங்கள். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டுங்கள். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியே இருக்கிறது, பேசினால் கேஸ்தான்.

காரிலேயே பெரிய திரை வைத்துக்கொள்ளும் வசதிக்காரர்கள், அதோடு வரும் பொத்தான் மாதிரி ஆன்டெனாவை டாஷ்போர்டின் மேல் வானம் தெரிய ஒட்டச் சொல்லுங்கள். அழகுக்காக உள்ளே ஒளித்துவைத்தால் அது எதைக் கேட்கும்?

தினம் மலையும் காடுமாக அலைகிறவர்களுக்குத் தனிக் கருவி இன்னமும் உபயோகம்தான். அதில் கடைக்காரர் 'எத்தனை செயற்கைக்கோள் எடுக்கும் தெரியுமா ஸார்' என்று ஆரம்பிப்பார். அமெரிக்காவினுடையது, ரஷ்யாவினுடையது, ஐரோப்பா, சீனா, நம் நாவிக் எல்லாம் கேட்டால் நல்லதுதான், மலைச்சரிவில் கைகொடுக்கும். இரண்டு அலைவரிசை கேட்பதென்றால் இன்னும் நல்லது. ஆனால் அவர் சொல்லாத கேள்விகளை நீங்கள் கேளுங்கள். மேப் எந்த வருஷத்தது? யார் போட்டது? புதுப்பிக்கக் காசு உண்டா, எத்தனை வருஷத்துக்கு? அப்புறம் கடையிலேயே ஒரு பரீட்சை. சென்னை, பெங்களூரெல்லாம் தேடாதீர்கள். எந்த டப்பாவும் காட்டும். உங்கள் மாமியார் ஊரைத் தேடுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரை நீங்கள் அறிந்தபடி காட்டினால் வாங்குங்கள்.

நான் அந்த மிஷினைத் தூக்கிப் போடவில்லை. காசு கட்டி மேப்பைப் புதுப்பித்தேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆனால் தம்பியின் ஊருக்குப் போகும் தார் ரோடு அதிலும் இல்லை. வெள்ளிமலையோடு கோடு நின்றுவிட்டது. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், இதை அவனிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். "என்னப்பா இது, இன்னும் உங்க ஊர் ரோட்டைப் போடமாட்டேங்கறானே!"

தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மொதல்ல ரோடு போட்டாத்தானேண்ணா மேப்ல போடுவாங்க. எங்க ஊருக்கு ரோடு வந்ததே நான் காலேஜ் முடிச்ச வருஷம்தான். பக்கத்துல இருக்கற ஊருங்களுக்கு இன்னும் வரலை." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க வந்து நின்னீங்களே, அந்த ஓடை. மிஷின் சொன்னது தப்பில்லைண்ணா. அதுதான் எங்க வழி. எங்க அத்தைக்குப் பிரசவ வலி வந்தப்ப தொட்டில் கட்டி அதுல இறங்கித்தான் தூக்கிட்டுப் போனாங்க."

ஜாகீர்தார்கள் வைத்திருந்த மலை இது. சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் கைக்கு வந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலைமையைப் பார்த்துத் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அது வெறும் செய்தி. டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தபோது அப்படியில்லை. அத்தை பிழைத்தாளா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை. தொட்டிலிட மலைக்குக் கூப்பிட்டிருந்தான். இந்தத் தடவை ஐந்து மணிக்கே கிளம்பினோம். பழைய சட்டையை அலசித் தேடி, சலவையில் பாதி அழிந்திருந்த அந்தத் தாளை என் மனைவி எப்போதோ எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். மிஷினும் கண்ணாடியில் இருந்தது.

வெள்ளிமலை தாண்டியதும் திரையில் ரோடு காணாமல்போயிற்று. வெள்ளை வெளியில் அம்பு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது நல்ல தார் ரோடு.

"புளியமரம் வருது பாருங்க. முனீஸ்வரன். இடது கை" என்றாள் மனைவி.

கண்ணாடியிலிருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பினேன்.